வாகனம் ஓர் அமானிதம்: வேகம் கட்டுமீறும் வேளையில் நம் கடமை

(பல்லடத்தில் நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் இறைவனுக்கே. ஆண்டுக்கு ஒருமுறை கூடும் இந்த அவையில் தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே நமது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக் கொண்ட பொருள் வேறு. ஓட்டிக் கொண்டிருக்கும் வாகனம் நாம் எதிர்பாராத வேளையில் திடீரெனப் பாய்ந்தால் என்ன செய்வது என்பதே அது. 'இமாமுக்கும் ஆக்சிலரேட்டருக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நம் கை செய்த பிழை

பல ஆண்டுகள் கியர் வைத்த பழைய மோட்டார் சைக்கிளில் போய் வந்த நமக்கு, உறவினர் ஒருவர் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றைக் கொடுத்தார். கொடுத்த இரண்டாம் வாரம், ஒரு மாலை அஸருக்குப் பின், மக்தப் பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில், மதரஸா வாசலில் நடு ஸ்டாண்டில் நின்ற வண்டியைப் பக்கத்தில் நின்றபடியே ஸ்டார்ட் செய்தோம். ஏறி உட்காரவில்லை. எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கும்போதே இரு கைப்பிடிகளையும் பற்றி வண்டியை முன்னே தள்ளி ஸ்டாண்டிலிருந்து இறக்கினோம். பின் சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், வண்டி பாய்ந்தது. விழாமல் இருக்க நாம் கைப்பிடியை இன்னும் இறுகப் பிடித்தோம். அது இன்னும் வேகமாகப் பாய்ந்தது. நம்மை இழுத்துக் கொண்டு போய் வாசல் தூணில் மோதிச் சாய்ந்தது. படியில் அமர்ந்து செருப்பு மாட்டிக் கொண்டிருந்த எட்டு வயதுப் பிள்ளையின் இடக்கை எலும்பு முறிந்தது. அந்தப் பிள்ளையின் தலைக்கும் தூணுக்கும் இடையே ஒரு சாண் தூரம்தான் இருந்தது. அல்லாஹ் காத்தான்.

கூடியவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். 'ஆக்சிலரேட்டர் சிக்கிக் கொண்டது' என்றோம். வேண்டுமென்றே சொன்ன பொய்யன்று, அப்படித்தான் நம்பினோம். ஆனால் அந்தச் சொல் நம் வாயிலிருந்து புறப்பட்ட பின் தன் வழியே போய்விட்டது. இரண்டு நாட்களுக்கு முன் அந்த வண்டியை சர்வீஸ் செய்தவன், பட்டறையில் வேலை பார்க்கும் பதினெட்டு வயதுப் பையன். 'ஹஜரத் வண்டியிலேயே கேபிளைச் சரியாக மாட்டவில்லை' என்று ஊரார் அவனை ஏசினர். பட்டறைக்காரர் அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள், நம் முஹல்லாவின் மூத்த மெக்கானிக் ஒருவர் வண்டியைப் பிரித்துப் பார்த்தார். கேபிள் சீராக இருந்தது. கைப்பிடியைத் திருகி விட்டால் உடனே தன் இடத்திற்குத் திரும்பியது. அவர் நம்மைத் தனியே அழைத்து மெதுவாகக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க ஹஜரத். வண்டி எகிறுனப்போ உங்க வலது கை எங்கீங்க இருந்துச்சு?"

நாம் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். வலது கை இருந்த இடம் ஆக்சிலரேட்டர். வண்டியை இழுத்து இறக்கும்போது நம்மை அறியாமல் அதைத் திருகியிருக்கிறோம். வண்டி பாய்ந்ததும் உடல் பின்னே சாய்ந்தது. உடல் சாயச் சாய மணிக்கட்டு கீழே இறங்கியது. அது இறங்க இறங்க ஆக்சிலரேட்டர் இன்னும் திறந்தது. பயத்தில் இறுகிய நம் கைதான் வண்டியை ஓட்டியது. வண்டி நம்மை ஏமாற்றவில்லை. அன்று மாலையே பட்டறைக்குச் சென்று அந்தப் பையனிடமும் அவன் முதலாளியிடமும் மன்னிப்புக் கேட்டோம். பிள்ளையின் பெற்றோரிடமும் கேட்டோம். மருத்துவச் செலவை ஏற்றோம். இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்வது அதன் மீதிக் கடன்.

குற்றம் யாருடையது?

இந்த நிகழ்ச்சிக்குப் பின் இது குறித்துத் தேடிப் படித்தோம். நமக்கு நேர்ந்தது உலகெங்கும் நேர்ந்திருக்கிறது. அதில் இரண்டு பக்கங்களும் இருக்கின்றன.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டில் ஆடி 5000 என்னும் கார் தானாகவே பாய்கிறது என்று தொலைக்காட்சியில் பெரும் பரபரப்பு எழுந்தது. அந்நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து 1989இல் அறிக்கை வெளியிட்டது. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலானவற்றிற்குக் காரணம் என்பது அதன் முடிவு. பிரேக்கை மிதித்தால்தான் தானியங்கிக் காரின் கியரை பார்க் நிலையிலிருந்து நகர்த்த முடியும் என்ற பூட்டு அந்தக் கார்களில் பொருத்தப்பட்டது. இன்று நம் ஊரில் ஓடும் தானியங்கிக் கார்களிலும் அந்தப் பூட்டைப் பார்க்கலாம்.

அப்படியானால் எப்போதும் ஓட்டுபவர்தான் குற்றவாளியா? அதுவும் இல்லை. 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுமீறி ஓடி, உள்ளே இருந்த நான்கு பேரும் மாண்டனர். ஓட்டியவர் அனுபவமற்றவர் அல்லர். நெடுஞ்சாலைக் காவல்துறையில் பணிபுரிந்தவர். அந்தக் காரில், வேறு மாதிரிக் காருக்கு உரிய ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தார்கள். ஆக்சிலரேட்டர் பெடல் அதில் சிக்கிக் கொண்டது. இதன் பின்னர் டொயோட்டா நிறுவனம் பல இலட்சம் கார்களைத் திரும்பப் பெற்று விரிப்பையும் பெடலையும் சரி செய்தது. பாதுகாப்புக் குறைகளைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதை ஒப்புக் கொண்டு 2014 மார்ச்சில் 120 கோடி டாலர் அபராதம் செலுத்தவும் இசைந்தது. இதற்கிடையே 2011இல், விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியாளர்கள் ஆராய்ந்து, மின்னணுக் கோளாறு எதுவும் தங்களுக்குத் தென்படவில்லை என்று அறிவித்தனர். ஆக, சில இடங்களில் விரிப்பு. சில இடங்களில் சிக்கும் பெடல். வேறு பல இடங்களில் மனிதனின் கால்.

அந்த லெக்சஸ் காரைக் குறித்து ஒரு செய்தியை நீங்கள் அவசியம் அறிய வேண்டும். அது விற்பனையாளர் தற்காலிகமாகக் கொடுத்து அனுப்பும் கார். சில நாட்களுக்கு முன் அதே காரை வேறொருவர் ஓட்டியிருந்தார். அவருக்கும் அதே விரிப்பில் பெடல் சிக்கியது. அவர் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்தார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் அலறிக் கொண்டிருக்க, காரை ஓரத்தில் நிறுத்தினார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது நடந்ததை அங்கே சொல்லவும் செய்தார். சொன்னது செயலாகவில்லை. விரிப்பு அப்படியே கிடந்தது. அடுத்து வந்தவர் குடும்பத்தோடு மாண்டார். ஒரே கார், ஒரே பழுது, இரண்டு முடிவுகள்! மாண்டவரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. அந்த நொடியில் எது தோன்றும் என்பது முன்னரே மனத்தில் பதிந்திருப்பதைப் பொறுத்தது என்ற பாடத்தை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

நம் நாட்டிலும் இந்த வேதனை உண்டு. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு மும்பை குர்லாவில், மக்கள் நெரிசல் மிகுந்த சாலையில் ஒரு மின்சாரப் பேருந்து பல வாகனங்களையும் பாதசாரிகளையும் மோதிக் கொண்டே சென்றது. 9 பேர் உயிரிழந்தனர். 40 பேருக்கு மேல் காயமுற்றனர். பிரேக் பழுது என்ற பேச்சு எழுந்தது. பேருந்தைச் சோதித்த போக்குவரத்துத் துறையினர் பிரேக் வேலை செய்வதாகவே கூறினர். கிளட்ச் உள்ள வண்டிகளில் பழகிய ஓட்டுநருக்கு, கிளட்சே இல்லாத அந்தப் பெரிய பேருந்தில் போதிய பயிற்சி கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி விசாரணையில் முன்னே வந்தது. குற்றத்தை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. நமக்குரிய பாடம், பழகாத வண்டியில் பழைய பழக்கம் நம்மைக் கைவிடும் என்பது. கியர் வண்டியிலிருந்து ஸ்கூட்டருக்கு மாறிய நமக்கு நேர்ந்ததும் அதுவே.

அந்தச் சில நொடிகளில்

சகோதரர்களே, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். பழுது வண்டியிலா, காலிலா என்று ஆராய அப்போது நேரமில்லை. இறைவனின் கருணை, ஆராயத் தேவையும் இல்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. அதை வரிசையாகச் சொல்கிறோம். கார் ஓட்டுபவர்கள் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம்.

முதலாவது, காலை முழுவதும் தூக்கி விடுங்கள். 'நான் பிரேக்கைத்தான் மிதிக்கிறேன், ஆனாலும் வண்டி பாய்கிறது' என்று தோன்றினால், உங்கள் கால் பிரேக்கில் இல்லை என்பதே பெரும்பாலும் உண்மை. பயந்த மனம், மிதிப்பதை இன்னும் பலமாக மிதிக்கச் சொல்லும். அதற்கு மாறாகக் காலை எடுத்துவிட்டு, பிரேக்கைத் தேடி மீண்டும் மிதியுங்கள்.

இரண்டாவது, பிரேக்கை ஒரே மிதியாக, முழுப் பலத்தோடு மிதித்து அப்படியே பிடித்திருங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக்கிற்குத் துணை செய்யும் விசை, எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடத்திலிருந்து கிடைக்கிறது. ஆக்சிலரேட்டர் முழுதும் திறந்திருக்கும்போது அந்த வெற்றிடம் புதிதாக உண்டாகாது. சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான் வரும். இரண்டு மூன்று முறை விட்டு மிதித்தால் பெடல் கல்லாக இறுகிவிடும். விடாமல் அழுத்தினால், எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் பெரும்பாலான கார்களை பிரேக் அடக்கிவிடும்.

மூன்றாவது, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பை அறுத்து விடுங்கள். கிளட்ச் உள்ள கார் என்றால் கிளட்சை முழுவதும் மிதித்தால் போதும். தானியங்கிக் கார் என்றால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் கிளட்ச் லீவரை இழுத்துப் பிடியுங்கள். அப்போது எஞ்சின் பயங்கரமாக அலறும். அந்தச் சத்தத்திற்கு அஞ்சி கிளட்சை விட்டுவிடாதீர்கள். எஞ்சின் கெட்டால் மாற்றிக் கொள்ளலாம்.

நான்காவது, சாவியில் அவசரப்படாதீர்கள். வண்டி நின்ற பிறகு அணையுங்கள். ஓடும்போதே எஞ்சினை அணைத்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கின் துணை விசையும் வற்றிவிடும். நியூட்ரலும் விழவில்லை என்ற கடைசி நிலையில் மட்டுமே அணைக்க வேண்டும். அப்போதும் சாவியை ஒரு படி மட்டும் திருப்ப வேண்டும். சாவியை உருவி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக் கொள்ளும். பொத்தானால் இயங்கும் கார்களில் ஒருமுறை தொட்டால் அணையாது. பல கார்களில் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் காரில் எப்படி என்பதை அதனுடன் தந்த கையேட்டில் இன்றிரவே பாருங்கள்.

ஐந்தாவது, பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காதீர்கள். குனிந்து விரிப்பை இழுக்கப் போகாதீர்கள். ஹாரனை அடித்துக் கொண்டே ஆளில்லாத பக்கம் திருப்புங்கள். ஹேண்ட் பிரேக் கடைசித் துணை. வெடுக்கென இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும். சிறுகச் சிறுக இழுக்க வேண்டும்.

ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளுக்கும் இளைஞர்களுக்கும் தனியாக ஒரு சொல். கியர் இல்லாத ஸ்கூட்டரில், இழுத்துப் பிடிக்கக் கிளட்ச் இல்லை. ஆக்சிலரேட்டரை முன்பக்கம் திருப்பி மூடுவதும், இரண்டு பிரேக்குகளையும் பிடிப்பதுமே வழி. எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் கைப்பிடியில் இருக்கும் வண்டியானால், வலது கட்டை விரல் அதைக் கண்ணால் பாராமலே தொடப் பழகியிருக்க வேண்டும். வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கும்போது அது பாய்ந்தால், பிடிக்கப் போகாதீர்கள். ஆளில்லாத பக்கம் என்றால் வலது கையை விட்டுவிடுங்கள். விட்ட கணமே ஆக்சிலரேட்டர் மூடிக் கொள்ளும். அன்று நாம் கையை விட்டிருந்தால் வண்டி இரண்டடி போய்ச் சாய்ந்திருக்கும். பிள்ளையின் கை முறிந்திருக்காது.

இறக்கத்தில் வேறு விதி

நம் பல்லடத்து வண்டிகள் கறிக்கோழியும் நூலும் துணியும் ஏற்றிக் கொண்டு நாலா திசையும் போகின்றன. அந்த ஓட்டுநர்களில் பலர் இந்த அவையில் இருக்கிறார்கள். மேலே நாம் நியூட்ரலைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது. எஞ்சின் பாய்வது வேறு. இறக்கம் இழுப்பது வேறு. எஞ்சின் கட்டுமீறினால் நியூட்ரல் காப்பாற்றும். இறக்கத்தில் வேகம் கூடும்போது அதே நியூட்ரல் கொன்றுவிடும்.

பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயை அறியாத லாரி ஓட்டுநர் இல்லை. 2024 ஜனவரி 24ஆம் நாள் அங்கே கட்டிழந்த ஒரு லாரி முன்னே சென்ற வாகனங்களில் மோதி, நடுவில் சிக்கிய கார் நசுங்கித் தீப்பற்றியது. 4 பேர் மாண்டனர். அங்கே நடந்த விபத்துகள் கணக்கில் அடங்கா. டீசல் மிச்சம் என்று சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடுகிறார்கள். அப்போது முழுப் பாரமும் பிரேக்கின் மீது விழுகிறது. பிரேக் சூடேறி, பிடிமானம் தளர்ந்து, மிதித்தாலும் நிற்காத நிலை வருகிறது. காற்றுப் பிரேக்கை அடிக்கடி மிதித்து விட்டால் தொட்டியில் அழுத்தமும் குறைகிறது. ஏற்றத்திற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே தாழ்ந்த கியரில், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கல்லட்டியானாலும் குன்னூர்ப் பாதையானாலும் விதி இதுதான். மிச்சமாகும் டீசலின் விலையையும், வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளின் முகத்தையும் ஓட்டுநர்களே எடை போட்டுக் கொள்ளட்டும்.

ஒட்டகத்தைக் கட்டுதல்

'எழுதியது நடக்கும் ஹஜரத், நாம் என்ன செய்ய முடியும்?' என்று கேட்பவர்கள் உண்டு. தக்தீரை நம்புவது ஈமானின் ஒரு பகுதி. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிய பிறகே இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அனைவரும் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவும், ஏறுவதற்கு முன் பார்க்கும் பார்வையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

எனவே இன்று முதல் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை சில. கார் விரிப்பு அந்தக் காருக்கு உரியதாக இருக்கட்டும். அதைக் கொக்கியில் மாட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாதீர்கள். தண்ணீர்ப் பாட்டில் ஓட்டுபவரின் காலடியில் உருண்டு போகும்படி வைக்காதீர்கள். நழுவும் செருப்போடும் குதிகால் உயர்ந்த காலணியோடும் கார் ஓட்டாதீர்கள். தானியங்கிக் காரில் வலது காலை மட்டுமே பயன்படுத்துங்கள். குதிகாலைப் பிரேக்கிற்கு நேராக ஊன்றிக் கொண்டு, ஆக்சிலரேட்டருக்குப் பாதத்தைத் திருப்புங்கள். வண்டியைப் பின்னே எடுக்கும்போது உடல் திரும்புவதால் காலும் தடம் மாறும். இந்தத் தவறு மிகுதியாக நிகழ்வது வாகனம் நிறுத்தும் இடங்களில்தான்.

ஸ்கூட்டரை ஏறி அமர்ந்து, பிரேக்கைப் பிடித்துக் கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். தள்ளி நகர்த்துவதாயின் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளுங்கள். முன்னால் பிள்ளையை நிற்க வைத்து ஓட்டும் தாய்மார்களே, தந்தையரே! கடை வாசலில் நிறுத்தும்போது சாவியைத் திருப்பி அணைக்காமல் அந்தப் பிள்ளையை வண்டியில் விடாதீர்கள். அதன் கைக்கு எட்டும் உயரத்தில்தான் ஆக்சிலரேட்டர் இருக்கிறது. மின்சார ஸ்கூட்டரில் சத்தமே இல்லை என்பதால் வண்டி உயிரோடு இருப்பதே தெரியாது. அதில் இரு மடங்கு கவனம் வேண்டும்.

புதிய வண்டி வாங்கினால் ஒத்திகை பாருங்கள். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கால் பிரேக்கில் இருக்க, நியூட்ரல் எங்கே, அணைக்கும் சுவிட்ச் எங்கே என்று கண்ணை மூடிக் கொண்டு பத்து முறை தொட்டுப் பாருங்கள். மக்தபில் பிள்ளைகள் சூராவைத் திரும்பத் திரும்ப ஓதுவது எதற்காக? நினைக்காமலே நாவில் வர வேண்டும் என்பதற்காகத்தானே! கைக்கும் காலுக்கும் அதே மனனம் தேவை.

முதிய பெரியவர்களிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள். ஜப்பானின் தலைநகர் டோக்கியோவில் 2019 ஏப்ரல் 19ஆம் நாள், 87 வயதுப் பெரியவர் ஒருவர் ஓட்டிய கார் பாய்ந்து, ஒரு தாயும் அவருடைய 3 வயது மகளும் உயிரிழந்தனர். கார்தான் பழுது என்று அந்தப் பெரியவர் நீதிமன்றத்தில் உறுதியாகச் சொன்னார். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்று 2021இல் தீர்ப்பு வந்தது. 5 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்யவில்லை. கால் தடுமாறத் தொடங்கினால் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவதில் இழிவு ஏதுமில்லை. பிள்ளைகளும் தகப்பனாரின் மனம் நோகாமல் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பின் அவரை ஜும்ஆவுக்கு அழைத்து வருவது அவர்களின் கடமை.

அதற்குப் பின்: உண்மை

வண்டி நின்ற பிறகு இரண்டாவது சோதனை தொடங்குகிறது. அது நாவின் சோதனை.

ஹிதாயா ஓதிய ஆலிம்கள் அறிவார்கள். பிராணிகள் விளைவிக்கும் சேதத்தைப் பற்றி அதில் ஒரு பாடமே இருக்கிறது. வாகனம் என்றால் குதிரையும் ஒட்டகமும் கழுதையும் என்றிருந்த காலத்திலேயே, ஏறியிருப்பவன் எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்று ஃபுகஹாக்கள் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். தவறுதலாக ஓர் உயிர் போனாலும் தியத்தும் கஃப்பாராவும் உண்டு என்பது மார்க்கச் சட்டம். 'வேண்டுமென்று செய்யவில்லை' என்ற சொல் பாவத்தின் கனத்தைக் குறைக்கலாம். பாதிக்கப்பட்டவரின் உரிமையை அழிக்காது.

ஆகவே விபத்துக்குப் பின் முதலில் காயமுற்றவரைக் கவனியுங்கள், 108க்கு அழையுங்கள். பின்னர் யாரேனும் கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். 'வண்டி பாய்ந்தது, ஏன் என்று தெரியவில்லை' என்பது உண்மையான பதில். 'பிரேக் பிடிக்கவில்லை', 'கேபிள் சிக்கியது' என்பவை சோதித்த பிறகு சொல்ல வேண்டியவை. நம் ஒரு சொல்லால் ஒரு பையனின் மூன்று நாள் கூலியும் அவனுடைய நற்பெயரும் போயின. கூலியைக் கொடுத்துவிட்டோம். பெயரைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேறொருவர் வண்டி பாய்ந்தது என்று சொன்னால், 'நீதான் மிதித்திருப்பாய்' என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். சான் டியேகோவில் முதலில் ஓட்டியவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் நான்கு உயிர்கள் தப்பியிருக்கும். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்து, தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி, விரிப்பையும் பெடலையும் கேபிளையும் பார்க்கச் செய்யுங்கள். வாடகை வண்டி, இரவல் வண்டி என்றால், திருப்பிக் கொடுக்கும்போது பழுதைச் சொல்லி, கேட்டவர் சரி செய்தாரா என்றும் விசாரித்து விடுங்கள். அடுத்து அதில் ஏறப் போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது.

ஜமாஅத்தார் முன் நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்று. மக்தப் விடும் நேரத்தில் அரை மணி நேரம் மதரஸா வாசலில் எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. எஞ்சினை அணைத்துத் தெரு முனை வரை தள்ளிச் சென்றே ஏற வேண்டும் என்று இந்தப் பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்தத் தீர்மானத்திற்கு முதலில் கட்டுப்படுபவராக உங்கள் இமாம் இருப்பார்.

அந்தப் பிள்ளையின் கை இப்போது சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பழையபடி ஓத வருகிறான். நாம் ஸ்கூட்டர் அருகே போனால் மட்டும் படியை விட்டு எழுந்து தள்ளி நிற்கிறான். ஒவ்வொரு மாலையும் அதைப் பார்க்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவாயாக! எங்கள் கையாலும் காலாலும் நாவாலும் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பாயாக! விபத்துகளில் மாண்ட எல்லா மக்களின் குடும்பத்தாருக்கும் பொறுமையைத் தருவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.